கண்ணை மூடச் சொல்லலாமா? அமெரிக்கச் சிறார் காப்பகங்களில் கறுப்பினப் பெண் பிள்ளைகளும் தியான வகுப்பும்

கேள்வி (ஒரு வாசகர்) – பிப்ரவரி 3

அமெரிக்காவில் சிறார் காப்பகங்களில் (வழக்கில் சிக்கிய பிள்ளைகளை அடைத்து வைக்கும் இடங்கள்) அடைபட்டிருக்கும் கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்கு என்று தனியாக, 'அவர்கள் பண்பாட்டுக்கு ஏற்ற' மைண்ட்ஃபுல்னஸ் (மூச்சையும் உடம்பையும் கவனிக்கிற தியானம்) வகுப்பு நடத்துகிறார்களாம். மூச்சு எல்லோருக்கும் ஒன்றுதானே? இதில் கறுப்புத் தியானம், வெள்ளைத் தியானம் என்று என்ன இருக்கிறது? மானியம் வாங்க ஒரு வழி என்றுதான் எனக்குப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

மூச்சில் வித்தியாசம் இல்லை, சரி. ஆனால் எந்த அறையில் உட்காரவைத்து மூச்சு விடச் சொல்கிறார்கள், கதவுப் பக்கம் யார் நிற்கிறார்கள், மாட்டேன் என்றால் என்ன ஆகும், இதிலெல்லாம் வித்தியாசம் இருக்கிறது.

நான் தென் மாநிலம் ஒன்றில் சமூகப் பணியாளர். ஒரு சிறார் காப்பகத்தில் நடக்கும் வகுப்புக்கு உதவியாளராகப் போய்வருகிறேன். நடத்துபவர் அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. பெயர் வேண்டாம், இங்கே பெரியம்மா என்றே எழுதுகிறேன். பிள்ளைகளைப் பற்றி அடையாளம் தெரிகிற மாதிரி எதுவும் எழுத மாட்டேன், கேட்காதீர்கள்.

இன்று பலரும் சொல்லிக்கொடுக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பாடத்துக்கு மூலம், 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய வகுப்பு. எட்டு வாரப் பாடம். தீராத வலியோடு அலைந்த நோயாளிகளுக்காக வந்தது. அவர்கள் விரும்பி வந்தவர்கள், முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். அதில் முக்கியமான ஒரு பயிற்சி: மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, கால் விரலில் தொடங்கி உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்திக்கொண்டு வருவது. பாதம், முழங்கால், தொடை, இடுப்பு.

பதினான்கு வயதுப் பிள்ளை. அவளுக்கு வீட்டில் நடந்ததெல்லாம் படுத்திருந்தபோது, இருட்டில் நடந்தது. அவளை மல்லாந்து படு, கண்ணை மூடு, தொடையைக் கவனி என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்கிறார். கதவோரம் சாவிக்கொத்தோடு ஓர் ஆண் காவலர். அவர் இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்துக்கொண்டே இருக்கிறது. பெரியம்மா பொறுப்பேற்பதற்கு முன்னால் வேறொருவர் நடத்திய வகுப்பு அது. அந்தப் பிள்ளை பாயைக் காலால் தள்ளிவிட்டுப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டது. அன்றைய அறிக்கையில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஏறியது.

அந்தச் சுவர்தான் அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பு. முதுகுக்குப் பின்னால் யாரும் வர முடியாது, கதவு கண்ணில் படும். இதைப் புரிந்துகொள்ளாத பாடத்திட்டத்தை அங்கே கொண்டுபோனால் உதவி செய்கிறேன் என்ற பெயரில் இன்னொரு தொல்லை. அதனால்தான் ஏற்றபடி மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பிப்ரவரி 4

'அங்கே இருக்கிற எல்லாப் பிள்ளைக்குமா அப்படி நடந்திருக்கும்?' என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார்.

எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 2015இல் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் வறுமை, சமத்துவமின்மை ஆய்வு மையம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் தொகுத்திருக்கும் ஆய்வுகளின்படி, தென் கரோலினாவில் சிறார் நீதி அமைப்புக்குள் வந்த பெண் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓரிகானில் பாலியல் வன்முறையோ உடல்ரீதியான வன்முறையோ அனுபவித்தவர்கள் 93 சதவீதம். பாலியல் கொடுமையிலிருந்து சிறைக்கு ஒரு குழாய் போட்டு வைத்திருக்கிறோம் என்பதுதான் அந்த அறிக்கையின் தலைப்பிலேயே உள்ள குற்றச்சாட்டு.

குழாய் எப்படி ஓடுகிறது? வீட்டில் தாங்க முடியவில்லை, பிள்ளை ஓடிப்போகிறது. ஓடிப்போனது குற்றம். பள்ளிக்குப் போகவில்லை, அதுவும் குற்றம். ராத்திரி தெருவில் நின்றால் சிறாருக்கான ஊரடங்கை மீறிய குற்றம். பெரியவர்கள் செய்தால் யாரும் கண்டுகொள்ளாத காரியங்கள் இவை. இவற்றுக்காகப் பிள்ளைகளை அடைக்கக் கூடாது என்று 1974லேயே மத்தியச் சட்டம் வந்தது. 1980இல் ஒரு திருத்தம் போட்டு ஓட்டை வைத்தார்கள்: நீதிபதி 'ஓடாதே' என்று உத்தரவு போட்டு, அதை மீறி ஓடினால் அடைக்கலாம். ஓடியதற்காக இல்லையாம், உத்தரவை மீறியதற்காகவாம்! 2018இல் வந்த திருத்தம் அப்படி அடைப்பதற்கு ஏழு நாள் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஓட்டை இன்னும் முழுசாக அடைபடவில்லை.

பிப்ரவரி 4, கொஞ்சம் கழித்து

'ஏன் கறுப்பினம் என்று பிரிக்க வேண்டும்' என்ற பகுதிக்குப் பதில் சொல்ல விட்டுப்போயிற்று.

அதே ஜார்ஜ்டவுன் மையம் 2017இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. 325 பெரியவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். வெள்ளையினப் பெண் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு குறைவாகப் போதும், அரவணைப்பு குறைவாகப் போதும், ஆறுதல் குறைவாகப் போதும், பெரியவர்கள் விஷயமெல்லாம் அவர்களுக்குத் தெரியும் என்றே பதில்கள் வந்தன. அந்த எண்ணம் ஐந்து வயதுக் குழந்தையிலிருந்தே தொடங்குகிறது. ஐந்து வயது!

இதன் விளைவை வகுப்பறையில் பார்க்கலாம். ஒரு பிள்ளை அழுதால் தண்ணீர் கொடுப்பார்கள், இன்னொரு பிள்ளை அதே அழுகை அழுதால் 'நடிக்காதே' என்பார்கள். கறுப்பினப் பெண் பிள்ளைகள் அடைக்கப்படும் வீதம் வெள்ளையினப் பெண் பிள்ளைகளைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

இப்போது தியான வகுப்பில் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியங்களை யோசித்துப் பாருங்கள். 'அமைதியாக இருங்கள்.' 'உடம்பைத் தளர்த்துங்கள்.' 'எதிர்வினை காட்டாதீர்கள்.' அந்தப் பிள்ளைகள் இதே வாக்கியங்களை யாரிடம் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்? பள்ளியில் நிற்கும் போலீஸ்காரரிடம், புரொபேஷன் (அடைக்காமல் நிபந்தனையோடு வெளியே விட்டுக் கண்காணிப்பது) அதிகாரியிடம், நீதிமன்றத்தில். பெரியம்மா 'அமைதி' என்ற சொல்லையே வகுப்பில் எடுக்க மாட்டார். 'இப்போது உடம்பில் எங்கே சூடாக இருக்கிறது?' என்று கேட்பார். 'கையில்' என்பாள் ஒருத்தி. 'கோபமா?' 'ஆமாம்.' 'சரி, இருக்கட்டும். வேறெங்கே?' கோபத்தை விரட்டுகிற வேலையே கிடையாது.

பிப்ரவரி 7

'பண்பாட்டுக்கு ஏற்ற என்றால் ஆப்பிரிக்க மத்தளம் அடிப்பீர்களா' என்று கிண்டலாகக் கேட்டவருக்கு: அப்படியும் நடக்கிறது ஐயா. பழைய பாடத்திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கறிவேப்பிலை தூவுகிற வேலை. சுவரில் ஆப்பிரிக்கத் துணி, பின்னணியில் ஜெம்பே மத்தள ஒலிப்பதிவு. பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அட்லாண்டாவிலோ மெம்ஃபிஸிலோ பிறந்த பிள்ளைக்கு ஜெம்பே உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு அந்நியமோ அவ்வளவு அந்நியம்.

நான் பார்த்ததில் வேலை செய்தவை வேறு.

முதலாவது, முனகல். தென் மாநிலக் கறுப்பினத் தேவாலயங்களில் பாட்டுக்கு முன்னால், பிரார்த்தனைக்கு நடுவே, வார்த்தையே இல்லாமல் 'ம்ம்ம்' என்று இழுப்பார்கள். அடிமைக் காலத்தில் எசமானர்களுக்குத் தெரியாமல் காட்டுக்குள் கூடிக் கும்பிட்ட நாட்களிலிருந்து வருகிற பழக்கம். பெரியம்மா வகுப்பில் கண்ணை மூடச் சொல்ல மாட்டார், மூச்சைக் கவனி என்றும் சொல்ல மாட்டார். நாற்காலியில் சாய்ந்து, சமையலறையில் தனியாக வேலை செய்கிற ஒரு பாட்டி மாதிரி முனக ஆரம்பிப்பார். யாரையும் பார்க்க மாட்டார். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி சேர்ந்துகொள்வாள், வேண்டுமென்றே சுருதி தப்பி, கேலியாக. அப்புறம் இன்னொருத்தி, நிஜமாகவே. முனகும்போது வெளிமூச்சு தானாக நீளும். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். மற்ற வகுப்புகளில் 'நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே' என்று சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

இரண்டாவது, தலைமுடி. இது தெரியாத ஆட்களுக்கு விளக்க வேண்டும். காப்பகத்தில் கொடுக்கும் ஷாம்பு பெரும்பாலும் மலிவான பொது ஷாம்பு. சுருட்டை முடியை அது காய்ந்த நாராக்கிவிடும். இரவில் முடியைக் காக்கிற சாட்டின் தொப்பியை சில இடங்களில் அனுமதிப்பதில்லை. சில வாரங்களில் முடி உடைந்து கொட்ட ஆரம்பிக்கும். கண்ணாடி பார்க்கவே கூசும் நிலையில் உள்ள பிள்ளையிடம் 'உன் உடம்போடு நட்பாக இரு' என்று சொன்னால் எப்படி? பெரியம்மா நிர்வாகத்தோடு சண்டை போட்டு ஒரு வகுப்பை முடி பின்னும் வகுப்பாக்கினார். ஒருத்தி நாற்காலியில், ஒருத்தி கீழே அவள் முழங்கால்களுக்கு நடுவே. வகிடு எடுக்கும்போது சீப்பின் முனை உச்சந்தலையில் ஓடுவதைக் கவனி. எண்ணெய் தடவும் விரல் எங்கே நிற்கிறது, எங்கே அழுத்துகிறது என்று கவனி. வலித்தால் சொல். நிறுத்து என்றால் கை உடனே நிற்கும்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். நிறுத்து என்று சொன்னதும் ஒரு கை நிற்பது அங்கே சில பிள்ளைகளுக்குப் புது அனுபவம்.

மூன்றாவது, உலர் திராட்சை. வழக்கமான பாடத்தில் முதல் வகுப்பில் ஒரு திராட்சையைக் கையில் கொடுத்து, பார், முகர், மெதுவாக மெல் என்பார்கள். இங்கே அதைக் கொடுத்தபோது 'மிஸ், இதுக்கா கூப்பிட்டீங்க' என்று ஒருத்தி கேட்டாள், நியாயமான கேள்வி. பெரியம்மா பெப்பர்மின்ட் மிட்டாய் கொண்டுவந்தார். தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டால் பாட்டிமார் கைப்பையிலிருந்து எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு நீட்டுவது அந்த மிட்டாய். கண்ணாடித்தாள் சரசரப்பிலேயே பாதிப் பேருக்கு முகம் மாறியது. ஒருத்தி தன் பாட்டியின் கைப்பையில் என்னென்ன இருக்கும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பயிற்சி அப்படியேதான் இருக்கிறது, வாய்க்குள் போகிற பொருள் மட்டும் அவர்கள் வீட்டிலிருந்து வருகிறது. (தாளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கணக்கு.)

பிப்ரவரி 8

'யோகாவும் தியானமும் நம்முடையது, அதை நமக்கே மாற்றிச் சொல்லித் தருகிறார்களா' என்று பொங்கியிருக்கும் அன்பர்களுக்கு: ராயல்டி கேட்பவர்கள் வரிசையில் நிற்கவும், பர்மாக்காரர்களும் ஜப்பானியர்களும் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

கறுப்பினப் பெண்களுக்கு இது நேற்று வந்த விஷயமும் இல்லை. பேருந்தில் இருக்கையை விட்டுத் தர மறுத்த ரோசா பார்க்ஸ் யோகா செய்தவர். 1973இல் எடுத்த படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் சிறையில் இருந்தபோது யோகா செய்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டு பெயரையும் வகுப்பில் சொன்னபோது 'ரோசா பார்க்ஸா? அந்த ரோசா பார்க்ஸா?' என்று கேட்டார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் விளம்பரம் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 12

டொராண்டோ அக்கா கேட்டது நல்ல கேள்வி: பிள்ளைகளின் குடும்பங்கள் ஒத்துக்கொள்கின்றனவா?

எல்லாம் இல்லை. பல குடும்பங்கள் பாப்டிஸ்ட், பெந்தெகோஸ்தே. பாட்டி வளர்க்கிற பிள்ளைகள் நிறைய. தொலைபேசியில் 'அங்கே என் பேத்தியை என்ன சாமி கும்பிட வைக்கிறீர்கள்' என்று கேட்பவர் உண்டு. சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. பிள்ளையைக் காவலில் எடுத்துக்கொண்ட அரசாங்கம் அவள் கடவுளையும் எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம் அது, அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

மாநில அளவிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அலபாமாவில் 1993இலிருந்து அரசுப் பள்ளிகளில் யோகாவுக்கும் தியானத்துக்கும் தடை. 2021இல் யோகாவுக்கு மட்டும் தளர்த்தினார்கள், அதுவும் பெற்றோர் கையெழுத்தோடு. ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர்தான் சொல்ல வேண்டும், மந்திரம் கூடாது, 'நமஸ்தே' என்று சொல்லவே கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதே அலபாமாவில் டொனால்ட்சன் என்ற உச்சக் காவல் சிறையில் 2002இல் கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் பத்து நாள் விபாசனா (பௌத்தத் தியானம்) முகாம் நடந்தது. கைதிகள் பௌத்தர்களாகிவிடுவார்களோ என்ற கவலையில் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, பிறகு மறுபடி அனுமதித்தார்கள்.

கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களிடமே கேட்டு 2019இல் எழுதினார்கள். அந்தப் பெண்கள் விரும்பியது: நடத்துபவர் தங்களைப் போன்றவராக இருக்கட்டும், தங்களுக்குப் பழக்கமான பேச்சில் சொல்லட்டும், தங்கள் விசுவாசத்தோடு மோதாமல் இருக்கட்டும். பெரியம்மா பாட்டிகளிடம் பேசும்போது சங்கீதப் புத்தகத்திலிருந்து 'நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்' என்ற வசனத்தைத்தான் எடுப்பார். சண்டை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் வகுப்புக்குள் வசனம் கிடையாது. தேவாலயத்திலேயே அடிபட்ட, அங்கேயே தொல்லைக்கு ஆளான பிள்ளைகளும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். முனகலுக்கே 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று வெளியே போய் உட்கார்ந்த பிள்ளை உண்டு. போகட்டும் என்று விட்டார்.

பிப்ரவரி 13

மேலே எழுதியதைப் படித்தால் கறுப்பினப் பண்பாடு என்றாலே தேவாலயமும் பாட்டியும்தான் என்ற தோற்றம் வருகிறது. அப்படி இல்லை. ஹெய்ட்டியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, சோமாலி முஸ்லிம் பிள்ளை, எந்தக் கோயிலுக்கும் போகாத பிள்ளை எல்லோரும் உண்டு. பதினைந்து வயதுக்கு ராப் பாட்டுதான் பண்பாடு. பீட்டுக்கு ஏற்ப மூச்சைப் பிடித்து வரி சொல்வதும் நல்ல பயிற்சிதான். கெட்ட வார்த்தை வந்தால் காவலர் முறைப்பார், அதுதான் சிக்கல்.

பிப்ரவரி 15

'இதெல்லாம் வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?' டாக்டர் ஐயா கேட்டது.

நேர்மையாகச் சொன்னால், மைண்ட்ஃபுல்னஸ் எங்கே போட்டாலும் பலிக்கும் மருந்து இல்லை. பிரிட்டனில் மிரியட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 85 பள்ளிகள், 11 முதல் 14 வயது வரையுள்ள எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 2022இல் முடிவு வந்தது. வழக்கமான பள்ளிப் பாடத்தைவிட இதனால் கூடுதல் பலன் இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலுக்கான வாய்ப்பு அதிகமாக இருந்த பிள்ளைகளில் சிலருக்குக் கொஞ்சம் மோசமாகவே ஆனது என்ற அறிகுறிகூட இருந்தது. 'எல்லோருக்கும் ஒன்று' என்று மொத்தமாகப் பிள்ளைகள் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

அடைபட்ட பிள்ளைகளை வைத்து நடந்ததில் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு ஆய்வு குறிப்பிடத்தக்கது. 2013இல் வெளியானது, 16 முதல் 18 வயதுவரை 264 பேர். சுவாரசியம் என்னவென்றால், யாருக்கும் கவனத்திறன் கூடவில்லை. உள்ளே இருக்க இருக்க எல்லோருக்கும் குறைந்துகொண்டே போனது. பயிற்சி எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைந்தது. சிறை மூளையைத் தின்கிறது, தியானம் அதைக் கொஞ்சம் மெதுவாகத் தின்ன வைக்கிறது என்று படித்துக்கொண்டேன். அந்த 264 பேரும் ஆண் பிள்ளைகள்.

பெண் பிள்ளைகளுக்காகப் பேசியது 2017இல் வந்த இன்னொரு ஜார்ஜ்டவுன் அறிக்கை. கதை சொல்லவைக்கும் சிகிச்சையோடு நிறுத்தாமல், யோகா மாதிரி உடம்பு வழியாகப் போகிற முறைகளைச் சிறார் நீதி அமைப்பில் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனக்கு இதில் ஒரு நடைமுறைக் காரணமும் தெரிகிறது. எங்களைப் போன்றவர்கள் கொடுமை பற்றிக் கேள்விப்பட்டால் சட்டப்படி மேலே தெரிவித்தாக வேண்டும். பிள்ளை வாய் திறந்து சொன்னது கோப்பில் ஏறும், கோப்பு நீதிமன்றம் போகும். அதனால் பெரியம்மா முதல் நாளே சொல்லிவிடுவார்: 'உன் கதை எனக்கு வேண்டாம். சொன்னால் நான் எழுதியாக வேண்டும். தெரிந்துகொண்டு பேசு.' இதைக் கேட்டதும் தோள்கள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வருகிற பெரியவர்கள் எல்லோரும் கதை கேட்டே வருகிறார்கள்.

பிப்ரவரி 16

புள்ளி விஷயம் பற்றி ஒருவர் தனி மடலில் கேட்டார், இங்கேயே சொல்கிறேன். பல காப்பகங்களில் நடத்தைக்குப் புள்ளி உண்டு. புள்ளி சேர்ந்தால் கூடுதலாக ஒரு போன் அழைப்பு, கொஞ்சம் தாமதமாகத் தூங்கப் போகலாம், தின்பண்டம். தியான வகுப்புக்கு வந்தாலும் புள்ளி தரலாமா?

தொடக்கத்தில் எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அம்மாவிடம் இன்னொரு தடவை பேச ஒரு வாய்ப்பு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? இப்போது சந்தேகம் வந்துவிட்டது. வந்தால் புள்ளி என்றால் வராவிட்டால் நஷ்டம். நஷ்டத்துக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவளிடம் 'இது உன் விருப்பம்' என்று சொல்ல வாய் வரவில்லை. பெரியம்மா நிர்வாகத்தோடு பேசிச் செய்த ஏற்பாடு: கதவுக்குள் காலடி வைத்தாலே புள்ளி. உள்ளே வந்து தூங்கினாலும் சரி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலும் சரி. தூங்குகிறவர்கள் நிறைய. இரவு முழுக்க விளக்கு எரிகிற அறையில் படுத்தவர்களுக்குப் பகலில் ஒரு மணி நேரம் பயமில்லாத தூக்கம் கிடைத்தால் அதுவே பெரிய வரவு என்பது அவர் கட்சி.

பிப்ரவரி 22

'கூண்டுக்குள் பறவைக்கு மூச்சுப் பயிற்சியா? கூண்டைத் திறங்கள்' என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது, எனக்கும் இருக்கிறது.

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரம். மிச்சிகனில் பதினைந்து வயதுக் கறுப்பினப் பிள்ளை ஒன்றை, ஆன்லைன் வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, அதனால் புரொபேஷன் நிபந்தனையை மீறிவிட்டாள் என்று நீதிபதி காப்பகத்துக்கு அனுப்பினார். செய்தி வெளியாகி நாடு முழுக்கக் கூச்சல் எழுந்து, ஜூலை 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பிள்ளைக்கு எந்த மூச்சுப் பயிற்சி தேவைப்பட்டிருக்கும்? வீடு தேவைப்பட்டது.

திறக்கவும் முடியும். வெரா என்ற நீதிச் சீர்திருத்த ஆய்வு நிறுவனம் பெண் பிள்ளைகளை அடைப்பதையே முடிவுக்குக் கொண்டுவர ஒரு திட்டம் நடத்துகிறது. ஹவாயில் பல ஆண்டு வேலைக்குப் பின் 2022 ஜூனில் மாநிலச் சிறார் சீர்திருத்த மையத்தில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை என்ற நிலை வந்தது. அங்கே செய்தது தியானம் இல்லை. ஓடிப்போன பிள்ளைக்குத் தங்க இடம், மனநலச் சிகிச்சை, அடைக்காமல் விடத் துணிந்த நீதிபதிகள்.

அப்படியானால் வகுப்பை மூடிவிடலாமா? அடுத்த செவ்வாய்க்கிழமையும் அங்கே பிள்ளைகள் இருப்பார்கள் தம்பி. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. நிர்வாகம் இந்த வகுப்பை ஏன் விரும்புகிறது என்று பார்த்தால், 'வகுப்பு வந்த பிறகு சண்டை குறைந்திருக்கிறது' என்கிறார்கள். குறையட்டும். ஆனால் சண்டைக்குக் காரணம் கெட்டுப்போன சாப்பாடோ, அம்மாவின் அழைப்பை ரத்து செய்ததோ ஆக இருந்தால்? பிள்ளையைத் தணித்துக் கொடுத்துவிட்டால் அந்தக் காரணத்தை யாரும் தொட மாட்டார்கள்.

சிகிச்சைகளைப் பண்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு 1995இல் பெர்னால் என்ற புவெர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழக உளவியலாளரும் உடன் எழுதியவர்களும் ஒரு சட்டகம் கொடுத்தார்கள். மொழி, ஆள், உருவகம், உள்ளடக்கம், கருத்து, நோக்கம், முறை, சூழல் என்று எட்டு. எல்லோரும் முதல் மூன்றை மாற்றிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எட்டாவதான சூழல்தான் நோயே. எங்கள் வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில் பிள்ளைகளை நிறுத்தித் தடவிச் சோதனை செய்வார்கள். ஒரு மணி நேரம் 'உன் உடம்பு உன்னுடையது' என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே கையைத் தூக்கு, காலை அகட்டு. பெரியம்மா மாதக்கணக்கில் இந்த ஒன்றுக்காக எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் கதவோரக் காவலரும் வட்டத்தில் உட்கார வேண்டும், பெண் காவலராக இருக்க வேண்டும், வகுப்பு முழுக்கக் கண்முன்னால் இருந்த பிள்ளைகளை மறுபடி தடவ வேண்டாம், பொருட்களை எண்ணி வாங்கினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் முனகலையும் மிட்டாயையும்விடப் பெரிய மாற்றம் இதுதான். ஆய்வுக் கட்டுரையில் எந்தத் தலைப்பின் கீழும் வராது.

பிப்ரவரி 23

அந்தப் பெண் காவலர் ஒரு நாள் வட்டத்திலேயே தூங்கிவிட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பிள்ளைகள் வாயில் விரல் வைத்து எங்களை 'உஷ்' என்றார்கள்.

மார்ச் 2

'கறுப்பினத்தவர்களே இதற்கு ஏன் எதுவும் செய்யவில்லை' என்ற கேள்வியைப் பார்த்ததும் எரிச்சலாகத்தான் வந்தது. செய்திருக்கிறார்கள், நூறு வருடத்துக்கும் மேலாக.

வர்ஜீனியாவில் ஜேனி போர்ட்டர் பேரட் என்ற கறுப்பின ஆசிரியை. எட்டு வயதுப் பெண் குழந்தையைப் பெரியவர்கள் சிறையில் போட்டிருக்கும் செய்தி தெரிந்து கொதித்துப்போனார். வெள்ளையினப் பிள்ளைகளுக்குச் சீர்திருத்த இல்லம் இருந்தது, கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்குச் சிறைதான். கறுப்பினப் பெண்கள் சங்கங்கள் சேர்ந்து நிதி திரட்டி, 1915இல் ஹனோவர் கவுண்டியில் சொந்தமாக ஒரு இல்லம் திறந்தார்கள். அடி கிடையாது, நம்பிக்கை வைத்து நடத்துவது என்று கொள்கை. பேரட் அங்கேயே குடியேறி 1940வரை நடத்தினார். இந்தப் பிள்ளைகளும் பிள்ளைகள்தான் என்று அன்று அவர் அரசாங்கத்திடம் வாதாட வேண்டியிருந்தது. 2017இல் 325 பேரிடம் கேட்டு நிரூபிக்க வேண்டியிருந்ததும் அதேதான்.

மார்ச் 3

டாலஸில் இருக்கும் யோகா ஆசிரியைத் தங்கைக்கு. தன்னார்வலராகப் போக விருப்பம், தமிழ்ப் பெண் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், முன்னால் நிற்க வேண்டாம். ஏற்கெனவே நடத்துகிற கறுப்பினப் பெண் யாராவது இருப்பார், அவருக்கு உதவியாகப் போங்கள், நாற்காலி போடுங்கள். ஒரு பிள்ளை என்னிடம் 'நீங்க எந்த இனம் மிஸ்?' என்று கேட்டது. சொன்னேன். 'அப்போ உங்களை போலீஸ் நிறுத்த மாட்டாங்களா?' என்று அடுத்த கேள்வி. எங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்று உண்மையைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டது. நாமெல்லாம் ஒரே நிறம் என்று கட்டிப்பிடிக்கப் போகாதீர்கள், அவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்.

தொட்டுத் திருத்தாதீர்கள். தோளில்கூடக் கை வைக்க வேண்டாம். பின்னால் போய் நிற்காதீர்கள். விளக்கை அணைக்காதீர்கள். கண் திறந்தே இருக்கலாம், தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிற்கிறவர்கள் வரவே வேண்டாம், வந்து மறைந்த பெரியவர்களின் பட்டியல் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே நீளம். குறைந்தது ஒரு வருடம் முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள். காவல்துறை சரிபார்ப்பு, கைரேகை, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் முடிய வாரங்கள் ஆகும். அண்டர்வயர் உள்ள பிரா போட்டுப் போனால் வாசலில் உலோகச் சோதனைக் கருவி கத்தும், அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.